விமானப்படைத் தளபதிக்கு விழுந்த மாலை

விமானப்படைத் தளபதி எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்று உறுதியான நாளிலிருந்து நான் ஒரு மலாய் வாக்கியத்தை மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். பாசீர் கூடாங்கில் இருக்கும் அலுவலகத்துக்குக் கார் ஓட்டிப் போகும்போது சொல்லிப் பார்த்தேன். "டத்தோ, தயவுசெய்து என் மகளைப் பறக்கும் வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள்." டத்தோ என்ற அவருடைய பட்டத்தோடு சேர்த்து இவ்வளவுதான் அது. ஆனால் பாதியில் ஏதாவது ஒரு சொல் தவறும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

எங்களுக்கு ஒரே மகள். விமானப்படையில் சார்ஜன். ஹெலிகாப்டரில் திறந்த கதவருகே இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு நின்று, கீழே எட்டிப் பார்த்து, விமானிக்கு வழி சொல்வது அவள் வேலை. விமானிக்கு ஹெலிகாப்டரின் வயிற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாதாம். மரமா, கம்பியா, ஆளா என்று இவள்தான் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் இதை அவள் சிரித்துக்கொண்டே விளக்கியபோது என் மனைவி, "ஏன்டி, கதவைச் சாத்திட்டுப் போகக் கூடாதா?" என்று கேட்டாள்.

மழைக்காலத்தில் ஜொகூரின் உள்பகுதியில் வெள்ளம் சூழ்ந்த ஒரு மலாய்க் கிராமத்துக்கு, கம்பத்துக்கு, அரிசியும் குடிதண்ணீரும் ஏற்றிப் போனபோது, அவர்களுடைய ஹெலிகாப்டர் ஒரு செம்பனைத் தோட்டத்தில் விழுந்தது. நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் பிழைத்தார்கள். விமானிக்கு முதுகில் பலத்த அடி. என் மகளுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது, விலா எலும்புகளும் போயின. பிறகு காலில் சீழ் பிடித்து, காய்ச்சல் ஏறி, சில நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள்.

செய்தி எங்களுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். பொந்தியானில் இருக்கும் என் சகலை, குடும்ப வாட்சப் குழுவில் ஒரு படத்தை அனுப்பினார். சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கும் ஹெலிகாப்டர். படத்துக்குக் கீழே கைகூப்பும் சின்னமும் 'ஓம் சாந்தி'யும். அதற்குள் எங்கள் மகள் இருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. ஆனால் வாலில் இருந்த எண்ணை மனைவி அடையாளம் கண்டுகொண்டாள். மகள் அதன் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை அவள் தன் கைபேசித் திரையில் வைத்திருந்தாள். சோறு வடித்துக்கொண்டிருந்தவள் கஞ்சியோடு பானையை அப்படியே விட்டாள்.

விமானப்படையிலிருந்து அழைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. யார் யார், என்ன நிலை என்று உறுதி செய்த பிறகே குடும்பத்துக்குச் சொல்வது அவர்கள் முறை. அதில் குறை சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அந்த இடைவெளியில் நாங்கள் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டோம். பிறகு அவளைத் திரும்பக் கொடுத்தார்கள்.

அன்று மாலைச் செய்தியில் தளபதியைப் பார்த்தேன். தோட்டத்துச் சேற்றில் யாரோ குடை பிடிக்க நின்றிருந்தார். "இந்த வகை ஹெலிகாப்டர் ஒன்றுகூட, நான் மறுபடி உத்தரவு போடும்வரை, தரையை விட்டு எழும்பாது" என்றார். அதுவரை விமானப்படைத் தளபதி என்றால் எனக்குச் சுதந்திர தின அணிவகுப்புதான் நினைவுக்கு வரும். நெஞ்சு நிறையப் பதக்கம், இடுப்பில் வாள், தோளில் நான்கு நட்சத்திரம். நாட்டில் பறக்கிற விமானப்படை விமானங்களுக்கெல்லாம் கடைசிச் சொல் இவருடையது என்பதை நான் யோசித்ததே இல்லை. அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இத்தனை ஹெலிகாப்டரை ஒரு வார்த்தையில் தரையில் நிறுத்த முடிந்தவருக்கு, ஒரு பெண்ணைத் தரையில் நிறுத்துவதா கஷ்டம்?

வருகைக்கு முதல் நாள் ஒரு மேஜர் வந்தார். இளைஞர், மிகவும் பணிவானவர். காலணியைக் கழற்றிவிட்டு வீடு முழுக்க நடந்து பார்த்தார். தளபதி எந்த நாற்காலியில் உட்காருவார், மகளின் கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவரலாமா, கழிப்பறை எங்கே என்று கேட்டார். எங்கள் நாயைப் பார்த்ததும் தயங்கினார். முஸ்லிம்கள் நாயைத் தொட மாட்டார்கள் என்பதால் நானே முந்திக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் ஒருநாள் வைத்துக்கொள்ளும் என்றேன். கறிபாப் பலகாரமும் தேநீரும் மலாய்க் கடையிலிருந்து வாங்கிவிடுகிறோம் என்றாள் மனைவி. எல்லாம் முடிந்து வாசலுக்குப் போனவர் திரும்பி வந்தார்.

"என்சிக்," என்றார் மரியாதையாக, ஐயா என்பதுபோல். "ஒரு சின்ன விஷயம். கோரிக்கை எதுவும் வைக்க வேண்டாம். டத்தோ இல்லை என்று சொல்ல முடியாமல் சங்கடப்படுவார்."

தலையாட்டினேன். அந்தச் சங்கடத்தைத்தான் நான் நம்பியிருந்தேன்.

மகள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தது மேஜர் வந்ததற்கு முந்தின இரவுதான். யாருக்கும் சொல்லவில்லை. கண் படும் என்று மனைவிக்குப் பயம். விபத்துக்குப் பிறகு எந்நேரமும் அடித்துக்கொண்டிருந்த எங்கள் கைபேசிகளையும் சத்தமில்லாமல் ஆக்கி வைத்திருந்தோம். இந்த இரண்டும் சேர்ந்து என்ன செய்யும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

மேஜர் வந்துபோன மறுநாள் காலை ஒரு லாரி வந்தது. சீருடைக்காரர்கள் இறங்கி, எங்கள் வீட்டு வாசலை ஒட்டிய சாலையில் வெள்ளைக் கூடாரம் அடித்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். உடன் வரும் அதிகாரிகளும் படமெடுப்பவர்களும் எங்கள் சின்ன வரிசை வீட்டுக்குள் கொள்ள மாட்டார்கள் அல்லவா, அதற்காக. பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் தெரு ஆட்களுக்கு அந்தக் காட்சி வேறு விதமாகப் பட்டது. கல்யாணமென்றால் வாழைமரம் இருக்கும், பாட்டுக் கேட்கும். எதுவும் இல்லாமல் காலையில் ஒரு தமிழர் வீட்டு முன்னால் வெள்ளைக் கூடாரமும் நாற்காலியும் என்றால் ஒன்றே ஒன்றுதான் அர்த்தம். அதுவும் மகள் ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் இருக்கிற வீடு. வாசலில் சீருடை.

உள்ளே நாங்கள் கட்டிலை நகர்த்திக்கொண்டிருந்தோம். வெளியே நாற்காலிகள் நிறையத் தொடங்கியதை நான் கவனிக்கவில்லை. எட்டிப் பார்த்தபோது மூன்று வரிசை ஆட்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பலரும் வெள்ளைச் சட்டை. தளபதியை வரவேற்க இவ்வளவு பேரா என்று எனக்கே பெருமையாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மனச திடப்படுத்திக்குங்க அண்ணே. எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?"

"எதை?"

அவர் வாயைத் திறந்து மூடினார். அதே நேரம் உள்ளேயிருந்து மகளின் குரல், "அப்பா, தலகாணி குடுங்கப்பா" என்று கேட்டது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அலமாக்," என்று தலையில் கைவைத்தார். "புள்ள இருக்கா?"

"இருக்கா. தளபதி பார்க்க வர்றாரு."

அவர் அப்படியே திரும்பி வரிசைகளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரும் எழுந்து போகாதீங்க லா. புள்ள நல்லா இருக்கா. பெரியவர் யாரோ வர்றாராம். மூஞ்சிய கொஞ்சம் நல்லா வைங்க" என்றார். கடைசி வரிசையில் ஒரு அம்மா வாய்விட்டு அழுதாள். இந்த முறை அது வேறு அழுகை.

விஷயம் எல்லாருக்கும் போய்ச் சேர்வதற்குள் தெருமுனையில் மோட்டார் சைக்கிள் காவலர்கள் திரும்பினார்கள். தளபதியின் கார் கூடாரத்தருகே வந்து நின்றதும், அதற்குப் பின்னால் ஒரு வாடகைக் கார் வந்து நின்றதும் ஒரே நேரத்தில். வாடகைக் காரிலிருந்து என் மனைவியின் அக்கா இறங்கினார். ஆயர் ஈத்தாமில் இருப்பவர், எங்கள் தெருக்காரர் யாரோ சொன்னதைக் கேட்டு, எங்களுக்கு அழைத்துப் பார்த்து, பதில் வராமல், அழுதுகொண்டே வந்திருக்கிறார். கையில் பெரிய மாலை. ரோஜாவும் சாமந்தியும் வைத்துக் கட்டியது. தன் தங்கை மகளுக்காக வாங்கியது.

தளபதி உயரம் குறைவானவர். தொலைக்காட்சியில் பார்த்ததைவிட வயதானவராகத் தெரிந்தார். காரிலிருந்து இறங்கியவர், நேர் எதிரே மாலையோடு நிற்கும் பெண்மணியைப் பார்த்தார். தமிழர் நிகழ்ச்சிகளுக்கு எத்தனை முறை போயிருப்பார்! புன்னகைத்துத் தொப்பியைக் கழற்றி உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, பழகியவர்போல் அக்கா முன்னால் கழுத்தைக் குனிந்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் வாசலில் நின்றேன். என்ன சைகை செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. பிறகு அவரே சொன்னது இது: "நீங்க சிரிச்சீங்க தம்பி. சாவு வூட்ல ஒரு அப்பன் சிரிப்பானா? அப்பதான் எனக்கு உயிர் வந்துச்சு." அக்கா மாலையைத் தளபதியின் கழுத்தில் போட்டார். நாற்காலிகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அழுத கண்ணோடு அத்தனை பேர் கைதட்டி நான் பார்த்ததில்லை.

என் மனைவி மட்டும் கூடத்துக்குள் வந்த அந்த மாலையைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மகள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். தளபதி நாற்காலியை இழுத்து அவள் அருகே போட்டுக்கொண்டார். மேஜர் குறித்து வைத்த இடம் அது இல்லை.

"சார்ஜன், நீங்கள் என்ன பார்த்தீர்கள்? அறிக்கைக்காகக் கேட்கவில்லை. எனக்குச் சொல்லுங்கள்."

அவள் சொன்னாள். எங்களிடம் ஒருநாளும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். இயந்திரத்தின் சத்தம் மாறியது. கீழே செம்பனை மரங்கள் மேலே ஏறி வருவதுபோல் இருந்தது. விமானிக்கு முன்னால் மழைத் திரைதான். இவள் கதவில் தலையை நீட்டி, இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே லாரி போகிற மண்பாதையைப் பார்த்தாள். இடது, இன்னும் இடது, அப்படியே, அப்படியே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "உள்ளே போய்ப் பிடித்துக்கொள் என்று கேப்டன் கத்தினார், டத்தோ. நான் போயிருந்தால் அவருக்குப் பாதை தெரிந்திருக்காது."

நானும் மனைவியும் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். தளபதி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மாலையிலிருந்து இதழ்கள் அவர் மடியில் உதிர்ந்தன.

"மறுபடி எப்போது பறக்க விடுவீர்கள் டத்தோ?" என்று கேட்டாள் என் மகள், காலில் கட்டோடு.

"விசாரணை முடியட்டும். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை."

பிறகு அவர் கை கழுவ வேண்டும் என்று எழுந்தார். உதவியாளர் கூட வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். சமையலறைத் தொட்டியருகே அவரும் நானும் மட்டும். என் வாக்கியத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் அவர் முந்திக்கொண்டார்.

"என்சிக், வெளியே ஏன் எல்லாரும் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள்? அழுதிருக்கிறார்கள்."

பொய் சொல்லத் தோன்றவில்லை. கூடாரத்தையும் நாற்காலியையும் சொன்னேன். கைபேசியைச் சொன்னேன். அவர் கண்கள் மாலைக்கு இறங்கின.

"அப்படியானால் இது..."

"மகளுக்காக வாங்கியது, டத்தோ. மன்னிக்க வேண்டும்."

அவர் மாலையை விரல்களால் தொட்டுப் பார்த்தார். கழற்றுவார் என்று நினைத்து நான் கையை நீட்டினேன். "இப்போது கழற்றினால் வெளியே நிற்கும் அந்த அம்மா வருத்தப்படுவார்," என்றார். குழாயைத் திறந்து வெகுநேரம் கை கழுவினார். "நான் போன வீடுகளில் எல்லாம் சாவுச் செய்தி இப்படிப் பொய்யாக இருந்ததில்லை," என்றார், தண்ணீரைப் பார்த்தபடியே.

அப்போதுதான் சொன்னேன். மனப்பாடம் செய்த வாக்கியம் வரவில்லை. உடைந்த மலாயில் ஏதோ சொன்னேன். ஒரே பிள்ளை என்றேன். கிடங்கு வேலை, அலுவலக வேலை, எதுவானாலும் போதும் என்றேன். கோரிக்கை வைக்கக் கூடாது என்று சொன்னார்கள், இருந்தாலும் கேட்கிறேன் என்றேன்.

இல்லை என்று சொல்வார், கெஞ்சலாம் என்றுதான் இருந்தேன்.

"முடியும்," என்றார் தளபதி. "இன்று சாயங்காலமே செய்யலாம். மருத்துவர் தகுதி என்று சொன்னாலும் என்னால் முடியும். ஆனால் ஏன் என்று உங்கள் மகள் என்னிடம் கேட்பார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. நான் பொய் சொல்ல மாட்டேன். உங்கள் அப்பா கேட்டார் என்பேன். அது உங்களுக்குச் சம்மதமா?"

நான் குழாயை இறுக்கி மூடினேன்.

"யோசியுங்கள். கார் ஏறுவதற்குள் சொன்னால் போதும்."

அவர் கூடத்துக்குப் போய்க் கறிபாப் சாப்பிட்டார், மகளோடு படம் எடுத்துக்கொண்டார். நான் குளிர்பெட்டியில் சாய்ந்து நின்றேன். அதிகாரம் அவரிடம் இருப்பதாக நினைத்துத்தான் போனேன். அவர் அதை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மகளின் குரல் காதில் ஓடிக்கொண்டிருந்தது. இடது, இன்னும் இடது. அந்தக் குரலை நிறுத்தச் சொல்லிவிட்டு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? சொல்லாமல் விட்டு, இன்னொரு மழைக்காலத்தில் இன்னொரு படம் வந்தால் என் மனைவி முகத்தை எப்படிப் பார்ப்பேன்? இந்த மனிதர் இப்படித்தான் தினமும் நிற்கிறாரா?

வாசலில் அவர் குனிந்து, காலணிக் கயிற்றைத் தானே கட்டிக்கொண்டு நிமிர்ந்தார். கழுத்தில் மாலை அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தார். காத்திருந்தார். மேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பின்னாலிருந்து என் மனைவி முன்னே வந்தாள். எங்கள் சமையலறையில் பேசுவது எதுவும் அவள் காதுக்குத் தப்பாது.

"டத்தோ," என்றாள். அவள் மலாய் சந்தை மலாய். "அவள் வேலையை எடுக்க வேண்டாம். எங்களுக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். எது நடந்தாலும் முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள். வாட்சப்பில் பார்க்க வைக்காதீர்கள்."

அவள் கேட்டது நான் கேட்க நினைத்ததற்கு நேர் எதிர். நான் மறுக்கவில்லை. அவள் வராமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தளபதி முடியாததை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று யோசித்தார் போலும். "எல்லா வேளையிலும் முதலில் சொல்ல முடியுமா தெரியாது," என்றார். "ஆனால் எனக்குத் தெரிந்த உடனே உங்களுக்குத் தெரியும். நான் இந்தப் பதவியில் இருக்கும்வரை அழைப்பு என்னிடமிருந்து வரும். பிறகு, இருப்பவரிடமிருந்து." மேஜரிடம் என் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். மேஜர், அழைப்பு வரப்போகும் எண்ணை என் கைபேசியில் பதிந்து கொடுத்தார். கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். அக்காவைத் தாண்டும்போது நின்று, மாலையைத் தொட்டுக் காட்டித் தலைவணங்கினார். அதை அணிந்தபடியே காரில் ஏறினார்.

கார் போனதும் எதிர்வீட்டுக்காரர் கறிபாப் தட்டோடு வந்தார். "சாவுன்னு பசியோட வந்து உக்காந்தேன் அண்ணே," என்றார். "இனிமே கூடாரம் போட்டா வாசல்ல ஒரு போர்டும் வைங்க லா." அக்கா அவரை முறைத்தார். பிறகு உள்ளே போய் என் மகளின் கன்னத்தைத் தடவித் தடவி, விட முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலமே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "கேட்டீங்களாப்பா?" என்றாள். "கேட்டேன்." "டத்தோ முடியும்னு சொன்னாரா?" "சொன்னாரு." அவள் விட்டத்தைப் பார்த்தபடி, "தலகாணிய கொஞ்சம் மேல வைங்கப்பா" என்றாள்.

விசாரணை முடிந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். ஹெலிகாப்டர்கள் எழும்பின. பல மாதம் கழித்து என் மகளும் ஏறினாள். நீரிணைக்கு அந்தப் பக்கம், அண்டை நாட்டில் இறங்கும் விமானங்கள் எங்கள் வீட்டுக்கு மேலே போய்க்கொண்டேதான் இருக்கும். முன்பெல்லாம் அந்தச் சத்தம் காதில் விழாது.

போன மாதம் அவர் ஓய்வுபெற்றார். பொறுப்பை ஒப்படைக்கும் நிகழ்ச்சியைச் செய்தியில் காட்டினார்கள். இரண்டு பேரும் கைகுலுக்கினார்கள், ஆவணத்தில் ஒப்பமிட்டார்கள். புதியவரின் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒப்படைத்தவற்றில் எங்கள் விஷயமும் இருக்குமா? அதைப் போய் யாரிடம் கேட்பது?

சில நாள் கழித்து, அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. திரையில் மேஜர் பதிந்து கொடுத்த அந்த எண். மகள் அன்று காலையில் பறப்பதாகச் சொல்லியிருந்தாள். எடுத்தேன். எடுக்காமல் இருக்க முடியுமா?

"என்சிக், உங்கள் மகள் நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்," என்றது மேஜரின் குரல். "புதிய தளபதி உங்கள் எண் சரியா என்று பார்க்கச் சொன்னார். முந்தைய டத்தோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவுதான்."

சரி என்றேன். நன்றி என்றேன். அலுவலகத்துக்கு வெளியே வந்து, லாரிகள் நிற்கும் இடத்தில் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தேன். அங்கிருந்தே மனைவியை அழைத்துச் சொன்னேன்.

"என் நம்பரையும் குடுத்தீங்களா?" என்றாள் அவள். "உங்க போனு எப்ப பார்த்தாலும் பேட்டரி இல்லாமத்தானே கெடக்கும்."

மேஜரைத் திரும்ப அழைத்தேன். அவள் எண்ணை மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.